உங்கள் பெயருக்கு நீங்களே மரியாதை போடாதீர்கள்

மதுரை கிழக்குச் சித்திரை வீதியில் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப்போகும் தம்பி ஒருவர், ஜப்பானிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் கைகூப்பி, "வதாஷி வா பாண்டி சான் தெஸ்" என்றார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த அம்மா லேசாகச் சிரித்துத் தலைகுனிந்தார், திருத்தவில்லை, தம்பிக்கும் தப்பு என்னவென்று தெரியாமலே போனது. 'சான்' அடுத்தவர் பெயரோடு மட்டும் சேர்வது. தன் பெயரில் போட்டால் "நான் பாண்டி அவர்கள்" என்று சொன்ன மாதிரி. "பாண்டி தெஸ்" போதும்.

அந்தத் தம்பி திமிரில் சொல்லவில்லை, பணிவாகத்தான் சொன்னார். நாம் ஊரில் "என் பேரு பாண்டிங்க" என்போம், மூத்தவராக இருந்தால் "பாண்டிண்ணே" என்போம். அந்த 'ங்க'வும் 'ண்ணே'யும் நம் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மரியாதை கேட்கிறவருக்குத்தான் போகிறது. அந்தப் பழக்கத்தில் ஜப்பானியத்தில் 'சான்', கொரியனில் 'ஷி', இந்தியில் 'ஜி' என்று நம் பெயரிலேயே மாட்டிவிடுகிறோம். அங்கெல்லாம் அது பெயருக்கு உரியவரைத்தான் உயர்த்தும்.

தெலுங்கில் இரண்டும் உண்டு, அதனால் கவனம் வேண்டும். "நா பேரு பாண்டி அண்டி" என்றால் சரி, 'அண்டி' நம் 'ங்க' மாதிரி கேட்பவருக்கானது. "நா பேரு பாண்டி காரு" என்றால் தப்பு, 'காரு' பெயருக்கு உரியவருக்கானது. சபரிமலை சீசனில் மதுரைக்கு வரும் ஆந்திரா சாமிகளிடம் பெயர் கேட்கும்போதும் 'நீ பேரு' என்று ஆரம்பிக்காதீர்கள், 'மீ பேரு' என்று கேளுங்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில் வரும் 'இஸ்'ஸை எல்லா மொழிக்கும் தூக்கிக்கொண்டு போவது. பிரெஞ்சில் "ஜெ மாப்பெல் கயல்", ஸ்பானிஷில் "மே யாமோ கயல்", அவ்வளவுதான். இரண்டுக்கும் 'என்னை இப்படி அழைத்துக்கொள்கிறேன்' என்ற பொருள், வினை உள்ளேயே இருக்கிறது, நடுவில் 'இஸ்'ஸுக்கு ஈடான 'எ', 'எஸ்' எதுவும் வராது. தமிழிலும் "என் பெயர் கயல்" என்று வினையே இல்லாமல் முடிக்கிறவர்கள் நாம், அதை நினைத்துக்கொண்டால் போதும். இந்திக்கு மட்டும் கடைசியில் 'ஹை' கட்டாயம். நம் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் அதில் "மேரி நாம்" என்கிறார்கள். 'நாம்' ஆண்பால் சொல், பேசுவது பெண்ணானாலும் "மேரா நாம்"தான்.

பெயரையே மாற்றிச் சொல்வதுதான் எனக்கு மனசு ஆறாத தவறு. ஜப்பானியத்தில் 'ல்' ஒலி கிடையாது, கயல் அவர்கள் வாயில் 'கயரு' ஆகிவிடும். ஆகட்டும், நீங்கள் 'கயல்' என்றே நிறுத்திச் சொல்லுங்கள். எழிலரசி என்கிற பிள்ளை 'ழ' வராது என்று பயந்து வெளிநாட்டுக்காரர்களிடம் 'எலி' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எழில் என்றால் அழகு என்று ஒரு வரி சேர்த்துச் சொல் என்றேன். இப்போது சிலர் இரண்டு முறை, மூன்று முறை முயற்சி செய்து 'எழில்' என்றே கூப்பிடுகிறார்கள்.

இனிஷியலையும் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். "எம். பாண்டி" என்றால் அது குடும்பப் பெயரா என்று கேட்பார்கள், மருது என்று விரித்தால் அன்று முழுக்க நீங்கள் மிஸ்டர் மருது, கூப்பிடப்படுவது உங்கள் அப்பா பெயர். முதலில் உங்கள் பெயர், கேட்டால் "மருது எங்க அப்பா பேரு".