முதல் ஃபேமிலி க்ரூஸ் மெடிட்டரேனியன்லயா? கப்பலைப் பாக்குறதுக்கு முன்னாடி துறைமுகத்தைப் பாருங்க

க்ரூஸ் போகலாம்னு வீட்ல பேச்சு எடுத்த உடனே எல்லாரும் பண்ற முதல் வேலை யூட்யூப்ல கப்பல் டூர் பாக்குறதுதான், எதுல ஸ்லைடு பெருசு, எந்த கேபின் பால்கனி நல்லா இருக்குன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடும். மெடிட்டரேனியனுக்கு இது தலைகீழ் வேலைங்க. இங்க ஏழு ராத்திரி ரூட்னா பெரும்பாலும் அஞ்சு ஆறு நாள் காலைல ஏதாவது ஒரு ஊர்ல இறக்கி விட்டு சாயங்காலம் ஏத்திப்பாங்க, முழுசா கடல்லயே இருக்குற நாள் ஒண்ணு கிடைச்சாலே பெருசு. அதனால கப்பல் எவ்ளோ பெருசுங்கிறதை விட, அது நிக்கிற இடத்துல இருந்து நீங்க பாக்க வந்த இடம் எவ்ளோ தூரம்ங்கிறதுதான் உங்க லீவை ஆக்கும் இல்ல கெடுக்கும்.

ப்ரோஷர்ல "ரோம்"னு போட்டிருப்பாங்க, கப்பல் நிக்கிறது சிவிட்டாவெக்கியாவுல, அங்கேர்ந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல. "ஃப்ளோரன்ஸ்"னா லிவோர்னோ, ரோட்ல ஒன்றரை மணி நேரம் ஆகும். "வெனிஸ்" இன்னும் மோசம், 2021 ஆகஸ்ட்ல இருந்து பெரிய கப்பல் எதையும் ஊர் நடுவுல இருக்குற சான் மார்கோ சதுக்கம் பக்கம் விடுறதில்ல, அதனால இப்ப பல கப்பல் ராவென்னாவுலயோ ட்ரியெஸ்தேவுலயோ நிக்கும், ரெண்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல. புக் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஊர் பேருக்கும் கப்பல் உண்மையில எந்த துறைமுகத்துல நிக்குதுன்னு மேப்ல போட்டு பாருங்க, பத்து நிமிஷ வேலை.

இதுக்கு நேர் எதிரா சில ஊர் இருக்கு, கப்பலை விட்டு இறங்கினா ஊருக்குள்ளயே இருப்பீங்க. மால்டாவோட வலெட்டா அப்படித்தான், துறைமுகத்துக்குப் பக்கத்துலயே ஒரு லிஃப்ட் இருக்கு, அதுல ஏறினா நேரா பழைய ஊர் தோட்டத்துல போய் நிப்பீங்க. நேப்பிள்ஸ்லயும் துறைமுகம் நடு ஊர்லதான், சர்க்கும்வெசுவியானா ரயில் பிடிச்சா முக்கால் மணி நேரத்துக்குள்ள எரிமலையில புதைஞ்ச பழைய ஊரான பொம்பெய் வாசல், இறங்க வேண்டிய ஸ்டேஷன் பேரு பொம்பெய் ஸ்கவி. மாண்டினீக்ரோவோட கோட்டோர்ல கப்பல் கரையில கட்டினா ரோட்டைத் தாண்டினதும் கோட்டைச் சுவர். டுப்ரோவ்னிக்ல க்ருஷ் துறைமுகத்துல இருந்து டவுன் பஸ். சின்னப் பசங்க இருக்குற குடும்பத்துக்கு இந்த மாதிரி ஊர் ரூட்ல ரெண்டு மூணாவது இருக்கணும், எல்லா நாளும் ரோம் மாதிரி இருந்துச்சுன்னா மூணாவது நாளே எல்லாருக்கும் எரிச்சல் வந்துரும்.

ரோம் நாள் எப்படி போகும்னு ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். கப்பல் ஏழு மணிக்கு வந்து நிக்கும், நீங்க சாப்பிட்டு இறங்க எட்டு எட்டரை, துறைமுகம் பெருசு, உள்ள நடக்க விட மாட்டாங்க, ஷட்டில் பஸ்ல கேட் வரைக்கும் வந்து அங்கேர்ந்து ஸ்டேஷனுக்கு இன்னொரு பஸ் இல்ல நடை, ஒன்பதரை ரயில் பிடிச்சாலே சாமர்த்தியம். ரீஜனல் ரயில் ரோமுக்கு ஒரு மணி நேரம் சொச்சம், வாட்டிகன் போறவங்க மெயின் ஸ்டேஷனான டெர்மினி வரைக்கும் போகாம முன்னாடியே சான் பியெத்ரோ ஸ்டேஷன்ல இறங்கிக்கலாம். ஆக ரோம்ல கால் வைக்கும்போது பத்தரை பதினொண்ணு. சாயங்காலம் ஆறரைக்கு எல்லாரும் ஏறணும்னா மூணரை ரயிலையாவது பிடிக்கணும். கைல இருக்குறது நாலரை மணி நேரம், அதுல ஒரு வேளை சாப்பாடு, ரெண்டு தடவை பாத்ரூம், ஒரு தடவை "கால் வலிக்குது". கொலோசியமும் வாட்டிகன் மியூசியமும் ரெண்டும் பாக்கணும்னு நினைச்சீங்கன்னா ரெண்டையும் பாக்க மாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்க, அதுக்கு நேரம் போட்ட டிக்கெட்டை ஆன்லைன்ல முன்னாடியே எடுங்க. இத்தாலி அரசு மியூசியம், தொல்லியல் இடம் எல்லாத்துலயும் 18 வயசுக்குக் கீழ ஃப்ரீ, கொலோசியம், பொம்பெய் எல்லாம் அதுல வரும், ஆனா ஃப்ரீயா இருந்தாலும் கொலோசியத்துக்கு பசங்க பேர்லயும் டிக்கெட் போட்டாகணும். வாட்டிகன் மியூசியம் இருக்குறது தனி நாட்டுல, இந்த சலுகை அங்க செல்லாது, தோளும் முட்டியும் மூடின ட்ரெஸ் வேற வேணும்.

இப்ப முக்கியமான கேள்வி, கப்பல்காரங்க விக்கிற எக்ஸ்கர்ஷனா, அதாவது பஸ்ல கூட்டிட்டு போய் ஊர் காட்டுற டூரா, இல்ல சொந்தமா போறதா. கப்பல் எக்ஸ்கர்ஷன் விலை ஜாஸ்தி, கூட்டமும் ஜாஸ்தி, நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு கைடோட குடை பின்னாடி நடக்கணும். ஆனா அந்த பஸ் ட்ராஃபிக்ல மாட்டினா கப்பல் காத்திருக்கும், நீங்க சொந்தமா போய் லேட்டானா காத்திருக்காது, அடுத்த ஊருக்கு உங்க செலவுல நீங்களே போய் பிடிக்கணும். என் கருத்து இதுதான்: ஊர் ஒரு மணி நேரத்துக்கு மேல தூரம்னா முதல் தடவைக்கு கப்பல் பஸ், பக்கத்துல இருந்தா சொந்தமா. லிவோர்னோவுல இறங்கி ஃப்ளோரன்ஸை விட்டுட்டு பீசா மட்டும் போற குடும்பம் நிறைய, ரயில்ல இருபது நிமிஷம் மாதிரிதான், ஆனா சாய்ஞ்ச கோபுரத்து மேல 8 வயசு ஆகாத பசங்களை ஏத்த மாட்டாங்க, கூட பெரியவங்க இருந்தாலும் விட மாட்டாங்க. இதை முன்னாடியே பசங்ககிட்ட சொல்லிடுங்க, கோபுரத்தடியில வச்சு சொன்னா அழுகை.

கிரீஸ் தீவு சாண்டோரினி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எல்லாரும் கிழக்கு ரூட் எடுக்குறதே அந்த வெள்ளை வீடு நீலக் கூரை போட்டோவுக்குத்தான். அங்க கப்பல் கரைக்கு வராது, நடுக்கடல்ல நின்னு சின்ன படகுல கரைக்கு கொண்டு போவாங்க, டெண்டர்னு சொல்வாங்க. இறங்கினதும் மேல ஃபீரா ஊருக்குப் போக கேபிள் கார் இல்லன்னா 580-க்கு மேல படி, படி முழுக்க கழுதைச் சாணி, வெயில் வேற. ஒரே நாள்ல மூணு நாலு கப்பல் வந்துச்சுன்னா கேபிள் காருக்கே மணிக்கணக்குல க்யூ. எந்த நாள்ல எத்தனை கப்பல் வருதுன்னு துறைமுக கேலண்டர் பாக்குற வெப்சைட் இருக்கு, புக் பண்ணும்போதே அதை ஒரு எட்டு பாத்துடுங்க. கப்பல் எக்ஸ்கர்ஷன் எடுத்தவங்களை வேற துறைமுகத்துல இறக்கி பஸ்ல மேல கூட்டிட்டு போவாங்க, போறப்ப க்யூ மிச்சம், ஆனா திரும்பி வர்றப்ப பெரும்பாலும் அதே கேபிள் கார் க்யூதான். ஜூலை ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமின்னு வடக்குக் காத்து பலமா அடிக்கும், அன்னிக்கு டெண்டர் படகு ஓட்ட முடியலன்னா அந்த ஊரையே விட்டுட்டு போயிருவாங்க, அது கேப்டன் முடிவு, சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. ஒரே ஒரு ஊருக்காக ஒரு ரூட்டை எடுக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான். 2025 ஜூலைல இருந்து கிரீஸ்ல க்ரூஸ் பயணிகளுக்கு ஒரு வரி வேற வந்திருக்கு, சாண்டோரினி மிகோனோஸ்ல சீசன்ல ஆளுக்கு 20 யூரோ, பில்லுல சேர்ந்துரும், நாலு பேர் குடும்பம்னா கணக்குல வச்சுக்கோங்க.

எப்ப போறது? ஸ்கூல் லீவுன்னு ஜூலை ஆகஸ்ட் போனா வெயில் கொளுத்தும், 2023-லயும் 2024-லயும் வெப்ப அலை நாள்ல ஏதென்ஸ் அக்ரோபோலிஸையே மத்தியானம் மூடி வச்சாங்க. மே, ஜூன் ஆரம்பம், செப்டம்பர் கடைசி இதெல்லாம் நல்ல நேரம். செப்டம்பர்ல கடல் தண்ணி இன்னும் வெதுவெதுப்பா இருக்கும், ஏப்ரல்ல பசங்க நீச்சல் குளத்துல இறங்கி நடுங்கிட்டு ஓடி வரும்.

விசாவை கடைசிக்கு தள்ளாதீங்க. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா வேணும், அதுவும் மல்டிபிள் என்ட்ரியா கேட்டு வாங்குங்க. கிரீஸ்ல ஏறி துருக்கியோட குசாதாசிக்குப் போய் திரும்ப கிரீஸ் வந்தீங்கன்னா ஷெங்கனை விட்டு வெளிய போய் மறுபடி உள்ள வர்றீங்க, சிங்கிள் என்ட்ரின்னா கப்பல் ஏறும் இடத்துலயே நிறுத்திடுவாங்க. மாண்டினீக்ரோவும் ஷெங்கன் இல்ல, குரோஷியா 2023 ஜனவரில சேர்ந்துடுச்சு. எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும், எல்லாம் சமம்னா முதல்ல நுழையுற நாடு. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயசுக்குள்ள 45, அதுக்கும் சின்னதுக்கு இல்ல. இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ செலவுக்கு கவர் ஆகணும், கப்பல் ஊரை விட்டுட்டா, ஃப்ளைட் லேட்டாகி கப்பல் போயிட்டா என்ன கிடைக்கும்னும் அதுலயே பாருங்க. துருக்கிக்கு தனி விசா வேணுமான்னு கப்பல் கம்பெனிகிட்ட மெயில்ல கேட்டு பதிலை பத்திரமா வச்சுக்கோங்க, ஏஜென்ட் வாயால சொன்னது செல்லாது.

கேபின் விஷயத்துல, நாலு பேருக்கு ஒரே கேபின்னா ரெண்டு கட்டில் சீலிங்ல இருந்து இறங்கி வரும், சூட்கேஸ் வைக்க இடம் தேடணும், இருக்குறது ஒரே ஒரு பாத்ரூம். பக்கத்து பக்கத்துல உள்கதவு போட்ட ரெண்டு இன்சைடு கேபின் (ஜன்னல் இல்லாதது) சில சமயம் ஒரு பால்கனி கேபின் விலைக்கே வந்துடும், ரெண்டு பாத்ரூம், என்னைக் கேட்டா கண்ணை மூடிட்டு அதை எடுப்பேன், பகல் முழுக்க வெளிய சுத்துறப்ப பால்கனில யார் உக்காரப் போறா. ஆனா சின்னக் குழந்தை மத்தியானம் தூங்கும்னா பால்கனிக்கு ஒரு நியாயம் இருக்கு, அது தூங்குற நேரம் நீங்க வெளிய உக்காந்துக்கலாம். குமட்டல் வர்ற ஆள் இருந்தா கப்பலோட நடுவுல, கீழ் டெக்ல எடுங்க. கைக்குழந்தைன்னா பல கம்பெனில 6 மாசம் ஆகியிருக்கணும், கிட்ஸ் க்ளப் பெரும்பாலும் 3 வயசுல ஆரம்பம், டயப்பர் போட்ட குழந்தையை பல கப்பல்ல பெரிய குளத்துல விட மாட்டாங்க. இதெல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க.

டிக்கெட் விலையைப் பாத்து மயங்காதீங்க. சர்வீஸ் சார்ஜ் ஆளுக்கு தினசரி இவ்ளோன்னு தனியா ஏறும், கூல் ட்ரிங்க்ஸ், வைஃபை, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் எல்லாம் தனி. போன்ல கப்பலோட சொந்த நெட்வொர்க் பிடிச்சுக்கிட்டா பில் கண்ணைக் கட்டும், கடல்ல இருக்குறப்ப ஏரோப்ளேன் மோட், கரையில ஐரோப்பா ஈசிம். பசங்க டேப்லெட்டையும் சேர்த்து சொல்றேன்.

ஏறுற நாளுக்கு முந்தின நாளே அந்த ஊருக்குப் போய் சேர்ந்துடுங்க, அன்னிக்கு காலை ஃப்ளைட்டை நம்பாதீங்க. பெட்டியை துறைமுகத்துல வாங்கிட்டு போயிருவாங்க, கேபினுக்கு வர சாயங்காலம் கூட ஆகும், அதனால நீச்சல் ட்ரெஸ், மருந்து, பாஸ்போர்ட், பசங்களுக்கு ஒரு செட் துணி எல்லாம் கைப்பைல இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டு போனா பிடுங்கி வச்சுப்பாங்க. பாதுகாப்பு ட்ரில் கட்டாயம், உங்க மஸ்டர் ஸ்டேஷன், அதாவது அவசரம்னா போய் கூட வேண்டிய இடம், எங்கன்னு பசங்களுக்கும் நடந்து காட்டுங்க. அப்புறம் கப்பல் நேரமும் கரை நேரமும் சில ரூட்ல ஒத்துப் போகாது, இத்தாலியை விட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னாடி, போன் தானா மாத்திக்கும் கப்பல் மாத்தியிருக்காது, இல்ல அதுக்கு எதிரா. அதனால இறங்குறப்ப வாசல்ல எழுதியிருக்குற நேரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

கடைசி ராத்திரி பெட்டியை டேக் மாட்டி கேபின் வாசல்ல வைக்கச் சொல்வாங்க, காலைல கரையில போய் எடுத்துக்கணும். எல்லாத்தையும் மடிச்சு உள்ள வச்சு அனுப்பிட்டு மறுநாள் போட பேண்ட் இல்லாம நிக்கிறவங்க எல்லா ட்ரிப்லயும் உண்டு, போட்டுக்க வேண்டியதை முதல்லயே எடுத்து நாற்காலில போட்டுட்டு அப்புறம் ஜிப்பை மூடுங்க. பெட்டி சின்னதா இருந்து நீங்களே தூக்கிட்டு இறங்க முடியும்னா வாசல்ல வைக்கவே வேண்டாம், முதல் ஆளா இறங்கலாம். சிவிட்டாவெக்கியாவுல இறங்கினா ஃப்யூமிச்சினோ ஏர்போர்ட்டுக்கு ரோட்ல ஒரு மணி நேரம், மத்தியானம் ஒரு மணிக்கு முன்னாடி ஃப்ளைட் போடாதீங்க.