சின்ன வெங்காயத்தை நறுக்காமல் அதன் கந்தகத்தைப் பார்ப்பது எப்படி?

மட்டக்களப்புச் சமையலறையில் சின்ன வெங்காயம் நறுக்கி அழாதவர் யார்? ஆனால் முழு வெங்காயத்தில் அந்தக் கண்ணீர்ப் பொருள் கிடையாது. கலங்கள் உடைந்ததும் அலினேசு என்னும் நொதியம் ஒரு கந்தகச் சேர்வையைத் தாக்க, சில விநாடிகளில் அது உருவாகிறது. வெங்காயத்தை அரைத்து ஆராய்பவர், அரைத்ததால் வந்ததையும் சேர்த்தே அளக்கிறார். உயிருள்ள இழையை உள்ளபடி பார்க்க எக்ஸ் கதிர் உறிஞ்சல் நிறமாலை உதவும்; கதிரின் சக்தியைப் படிப்படியாக மாற்றி, எந்தச் சக்தியில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று காட்டும் வளைகோடு அது.

முதலில் சின்குரோத்திரன் வேண்டும்; இலத்திரன்களை வளையத்தில் அதிவேகமாக ஓடவிட்டுச் செறிந்த எக்ஸ் கதிரைத் தரும் பெரிய இயந்திரம் அது. இலங்கையில் இல்லை; இந்தூரிலும் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமாவிலும் உண்டு. கந்தகத்தின் கே-விளிம்பு (அதன் உள்ளோட்டு இலத்திரன்கள் கதிரைத் திடீரென உறிஞ்சத் தொடங்கும் சக்தி) ஏறத்தாழ 2472 இலத்திரன்வோல்ற்று. அந்தச் சக்தியைத் தரும் கதிர்வழியா (கதிர் வந்துசேரும் அளவீட்டு நிலையமா) என்று கேட்டபிறகே விண்ணப்பியுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது மாதிரியில்தான். இந்தக் கதிர் ஈர இழைக்குள் சில பத்து மைக்ரோமீற்றருக்கு மேல் போகாது. ஆகவே காய்ந்த தோலை மட்டும் பக்குவமாக உரியுங்கள், சதையில் நகம் படவேண்டாம். இறப்பர் கையுறையால் தொடாதீர்கள்: இறப்பரை வல்கனைசு செய்வதே கந்தகத்தால்தான், பிறகு கையுறையின் நிறமாலையைத்தான் ரசிப்பீர்கள்! பிளாஸ்ரிக் இடுக்கி போதும். காற்றும் கதிரை விழுங்கிவிடும் என்பதால் பாதையை ஈலியத்தால் நிரப்புங்கள்.

அடுத்து ஒப்பீட்டுக் கரைசல்கள்: சிசுட்டீன், மெதியோனீன் சல்பொட்சைட்டு, சோடியம் சல்பேற்று. செறிவாக எடுத்தால் தன்னுறிஞ்சலால் (மாதிரி தன் சமிக்ஞையைத் தானே விழுங்குவதால்) நிறமாலையின் உச்சம் தட்டையாகிவிடும்; ஐதாக்குங்கள். கந்தகத்தின் ஒட்சியேற்ற நிலை உயர உயர உச்சம் வலப்பக்கம் நகரும்: தயோல் (சிசுட்டீனில் உள்ள கந்தக வகை) 2473, சல்பொட்சைட்டு 2476, சல்பேற்று 2482 அளவில். முறையின் அழகெல்லாம் இந்த இடைவெளியில்தான். விளிம்பு இரும்புக்கும் உண்டு. ஆனால் ஒட்சியேற்ற நிலைகளுக்கு இடையே இவ்வளவு தாராளமான நகர்வு அங்கே கிடைக்காது.

இப்போது முழு வெங்காயத்தை அளவிடுங்கள். கதிரே கந்தகப் பிணைப்புகளைச் சிதைக்கக்கூடும், எனவே ஒவ்வொரு வருடலுக்கும் புதிய இடம். பிறகு அதே வெங்காயத்தை நசுக்கி உடனே மீண்டும் அளந்து, 2476 அருகில் வடிவம் மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டு வளைகோடுகளையும் ஒப்பீட்டு நிறமாலைகளின் கலவையாகப் பொருத்தினால் பங்குகள் கிடைக்கும். இலவச மென்பொருளான அதீனாவே இதைச் செய்யும்.

வெங்காயம் கைவந்தபின் வாவிக்கரைக் கண்டல் சேற்றை எடுக்கலாம். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்தக் கருஞ்சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பேற்றைச் சல்பைட்டாக்குகின்றன. காற்றுப் பட்டால் சல்பைட்டு ஒட்சியேறிவிடும். தோண்டிய இடத்திலேயே போத்தலை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள்.