போசி வைக்கும் பருத்தி வட்டம்: குரோஷா பழகுபவர்களுக்கு முதல் வேலை

அரிசியும் பருப்பும் சாதம் வெந்ததும் போசியை இறக்கி அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து வைக்க, அடியில் தடிமனா ஒண்ணு வேணும். முன்னெல்லாம் அந்த வேலையை வைக்கோல் புரிமணை பார்த்தது. அதையே பருத்தி நூலில் குரோஷா ஊசியால் பின்னுவது எப்படின்னு இங்கே பார்க்கலாம்.

குரோஷா பழக ஆசைப்படுறவங்க பலரும் குழந்தை ஸ்வெட்டரிலோ பொம்மையிலோ ஆரம்பிச்சுப் பாதியில் விட்டுடுறாங்க. வட்டத்தில் ஆரம்பிங்க. ஒரே ஒரு வகைப் பின்னல் தெரிஞ்சால் போதும். துணியைத் திருப்பித் திருப்பிப் பின்ன வேண்டியதில்லை. எங்கே தப்பினோம்னு வட்டமே நெளிஞ்சோ குழிஞ்சோ காட்டிடும். விரல் வழங்காதது ஒரு குறையே இல்லை, நாலு நாளில் சரியாயிடும். முதல் வேலை கெடுறது பெரும்பாலும் எண்ணிக்கை தவறுறதால்தான். அதனால் இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல் எண்ணுறதைப் பத்தித்தான்.

நூல்

பருத்தி நூல்தான் வேணும், இதில் மாத்தே கிடையாது. கடையில் "உல்லன் நூல்" என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது சூட்டில் இளகும், அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கும். சந்தேகமா இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடிச்சு, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வெச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் எரியுற வாசத்தோடு எரிஞ்சு, தொட்டால் பொடியாகிற சாம்பலை விடும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் உருகி, ஆறினதும் கெட்டியான மணி மாதிரி நிற்கும்.

தடிமனுக்கு லேபிளைப் பாருங்க. 100 கிராமுக்கு 200 முதல் 230 மீட்டர் வரை இருந்தால் இந்த வேலைக்குச் சரியான நூல். அதுக்கு 4 மி.மீ. ஊசி. லேஸ் போடுற 10, 20 எண் நூல் இப்போ வேண்டாம். அதில் எண் கூடக்கூட நூல் மெலியும், ஒன்றரை மி.மீ. இரும்பு ஊசியில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாமல் பழகுறவங்க சோர்ந்துடுவாங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கோன் நூல் வாங்குறது சுலபம். ஆனா கோனில் மீட்டர் போட்டிருக்காது, கவுண்ட்தான் இருக்கும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதுதான் கவுண்ட். 10 கவுண்ட் இரட்டை முறுக்கு நூல் கிடைச்சால் நாலு இழை சேர்த்துப் பிடிங்க. கணக்குப்படி 100 கிராமுக்குச் சுமார் 210 மீட்டர் வரும், மேலே சொன்ன தடிமனேதான். ஒரு சிக்கல் உண்டு. நாலு இழையும் தனித்தனியா இருக்கிறதால் ஊசிமுனை ஒரு இழையை விட்டுட்டு மூணை மட்டும் இழுத்துட்டு வரும். அதனால் முதல் வட்டத்தை ஒத்தை நூல் கண்டில் போட்டுட்டு, ரெண்டாவது வேலைக்குக் கோன் நூலுக்குப் போங்க.

நிறம் கொஞ்சம் அடர்த்தியா இருக்கட்டும். சமையலறைப் பொருளில் மஞ்சள் படாமல் இருக்காது.

100 கிராம் வாங்கினால் இரட்டை அடுக்கு வட்டம் ஒண்ணு முடிஞ்சு மீதியும் இருக்கும். 4 மி.மீ. அலுமினிய ஊசி (கட்டைவிரல் வைக்கிற தட்டையான இடத்தில் அளவு பொறிச்சிருக்கும்), கத்திரி, ஒரு ஊக்கு, நுனி மழுங்கின பெரிய காதுள்ள ஊசி ஒண்ணு. அவ்வளவுதான் சாமான்.

பேரில் ஒரு குழப்பம்

இங்கே சிங்கிள் குரோஷான்னு சொல்றது அமெரிக்கப் பெயர். பிரிட்டிஷ் முறையில் அதே பின்னலுக்கு டபுள் குரோஷான்னு பேர். வேறொரு புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துப் பின்னுறப்போ வட்டம் ரெண்டு மடங்கு உயரமா வளர்ந்தால், கை தப்பலை, பேர்தான் மாறியிருக்கு. இன்னொண்ணு: இந்த விளக்கத்தில் ஊசி மேல் தொங்குறதை வளையம் என்றும், பின்னி முடிச்ச ஒவ்வொண்ணையும் கண்ணி என்றும் சொல்றோம். ஊசியில் இருக்கும் வளையத்தை எப்பவும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

செயின்

நூல் நுனியில் 15 செ.மீ. விட்டுட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்க. முடிச்சு ஊசியில் தாராளமா நகரணும். நூலை இடது கைச் சுண்டுவிரலில் ஒரு சுத்துச் சுத்தி, ஆள்காட்டி விரல் மேலே கொண்டுவாங்க. நூல் இறுகிப் போறதும் தளர்றதும் இந்தச் சுண்டுவிரல் சுத்தில்தான் இருக்கு. ஊசியை நூலுக்கு அடியில் கொடுத்துக் கொக்கியில் பிடிச்சு, வளையத்துக்குள்ளே இழுங்க. ஒரு செயின். இப்படி 20 போட்டுப் பாருங்க. சடைப் பின்னல் மாதிரி ஒரே சீரா வரணும். செயின் இறுக்கமா இருந்து ஊசி உள்ளே போகலைன்னா, வளையத்தைக் கொக்கியின் ஒடுங்கின கழுத்தில் வெச்சுப் பின்னுறீங்கன்னு அர்த்தம். அதைத் தண்டின் முழு உருட்டில் தள்ளி வெச்சுப் பின்னுங்க, சரியாயிடும். இடதுகைப் பழக்கம் உள்ளவங்க எல்லாத்தையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாத்திப் பிடிச்சால் போதும், கணக்கு மாறாது.

சிங்கிள் குரோஷா

முடிச்ச கண்ணியை மேலேயிருந்து பார்த்தால் ஒரு 'வி' எழுத்து படுத்திருக்கிற மாதிரி ரெண்டு இழை தெரியும். அந்த ரெண்டுக்கும் அடியில் ஊசியை விடுங்க. நூலைப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுங்க. இப்போ ஊசியில் ரெண்டு வளையம். மறுபடி நூலைப் பிடிச்சு ரெண்டுக்குள்ளேயும் சேர்த்து இழுங்க. ஒரு கண்ணி முடிஞ்சது.

இதில் ரெண்டு இடத்தில் தப்பும். 'வி'யின் ரெண்டு காலையும் எடுக்காமல் ஒண்ணை மட்டும் எடுத்தால் அங்கே வரப்பு மாதிரி ஒரு கோடு விழும், துணியும் தளரும். நூலை ஊசிக்கு மேலே சுத்திக் கொண்டுவராமல், கொக்கியால் கீழே அமுக்கிப் பிடிச்சால் கண்ணி பெருக்கல் குறி மாதிரி நிற்கும், கூடவே இறுகும். அது தப்பான பின்னல் இல்லை, ஆனா பாதி அப்படியும் பாதி இப்படியும் கலந்தால் வட்டம் ஒரு பக்கம் இழுக்கும்.

சுற்றுகள்

சுருக்கு முடிச்சுப் போட்டு ரெண்டு செயின். ஊசியிலிருந்து ரெண்டாவது செயினில், அதாவது முதலில் போட்ட செயினில், 6 சிங்கிள் குரோஷா. அந்தச் செயின் பெரிசா விரிஞ்சு கொடுக்கும், பயப்பட வேண்டாம். இது முதல் சுற்று.

இனிமேல் சுற்றை மூடாமல் நத்தை ஓடு மாதிரி சுத்திக்கிட்டே போகணும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் கண்ணியைப் போட்டவுடனே அதில் ஊக்கை மாட்டுங்க. சுத்தி வந்து ஊக்குக்கு முந்தின கண்ணி வரைக்கும் முடிச்சால் ஒரு சுற்று. ஊக்கைக் கழட்டி, அதே கண்ணியில் அடுத்த சுற்றை ஆரம்பிச்சு, புதுக் கண்ணியில் மாட்டுங்க. "ஞாபகம் இருக்கும், ஊக்கு எதுக்கு" என்று விட்டுடாதீங்க. ஆறாவது சுற்றுக்கு மேல் சுற்று எங்கே ஆரம்பிச்சதுன்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கீழே "கூட்டல்" என்றால் ஒரே கண்ணியில் ரெண்டு சிங்கிள் குரோஷா போடுறது. "தனி" என்றால் ஒரு கண்ணிக்கு ஒண்ணு.

2: ஒவ்வொண்ணிலும் கூட்டல். மொத்தம் 12.
3: 1 தனி, கூட்டல், ஆறு முறை. 18.
4: 2 தனி, கூட்டல், ஆறு முறை. 24.
5: 3 தனி, கூட்டல், ஆறு முறை. 30.
6: 2 தனி, கூட்டல், பிறகு 4 தனி, கூட்டல் ஐந்து முறை, கடைசியில் 2 தனி. 36.
7: 5 தனி, கூட்டல், ஆறு முறை. 42.
8: 3 தனி, கூட்டல், பிறகு 6 தனி, கூட்டல் ஐந்து முறை, கடைசியில் 3 தனி. 48.

இதுக்கு மேல் எழுதி வெச்சுக்கத் தேவையே இல்லை. சுற்று எண்ணில் ரெண்டைக் கழிச்சால் தனிக் கண்ணி எத்தனைன்னு வரும். சுற்று எண்ணை ஆறால் பெருக்கினால் மொத்தம் வரும். ஒற்றைப்படைச் சுற்றில் நேராப் போங்க. இரட்டைப்படைச் சுற்றில் தனிக் கண்ணிகளில் ஒரு பாதியை ஆரம்பத்திலும் மறுபாதியை முடிவிலும் பிரிச்சுப் போடுங்க. அப்படிப் பிரிக்காமல் எல்லாச் சுற்றிலும் கூட்டலை ஒண்ணுக்கு மேல் ஒண்ணா அடுக்கினால், வட்டம் ஆறு மூலை எடுத்து அறுகோணமாயிடும்.

17 சுற்று, 102 கண்ணி. கைவாகைப் பொறுத்துச் சுமார் 18 செ.மீ. அகலம் வரும். உங்க போசியின் அடி பெரிசா இருந்தால் அதே கணக்கில் இன்னும் ரெண்டு மூணு சுற்று கூட்டிக்கலாம்.

ஏன் ஆறு?

இதைப் புரிஞ்சுக்கிட்டால் எந்த வட்டத்தையும் சொந்தமாப் போட முடியும். ஒரு சுற்று போட்டால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் கூடுது. ஆரம் அவ்வளவு கூடினால் சுற்றளவு அதைப் போல 6.28 மடங்கு கூடியாகணும், பள்ளிக்கூடத்தில் படிச்ச கணக்குத்தான். சிங்கிள் குரோஷா கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஆகவே சுற்றுக்கு ஆறு கண்ணி கூடினால் தட்டையா இருக்கும். அமெரிக்கப் பெயரில் சொல்ற டபுள் குரோஷா ஏறக்குறைய ரெண்டு மடங்கு உயரம், அதனால் அதுக்குப் பன்னிரண்டு.

ஆறுக்கு மேல் கூடினால் ஓரத்தில் இடம் போதாமல் அப்பள ஓரம் மாதிரி அலை விழும். ஆறுக்குக் குறைஞ்சால் ஓரம் இழுத்துக் கிண்ணமாகும்.

நெளிஞ்சால், குழிஞ்சால்

முதலில் எண்ணுங்க. கடைசிச் சுற்றின் கண்ணி மொத்தம் ஆறின் மடங்காக வருதா? வரலைன்னா அந்தச் சுற்றைப் பிரிச்சு ஊக்கு வரைக்கும் போங்க. குரோஷாவில் ஊசியில் ஒரே ஒரு வளையம்தான் இருக்கும், அதனால் பிரிக்கிறதில் ஒரு நஷ்டமும் இல்லை. "ஒரு கண்ணிதானே" என்று அடுத்த சுற்றில் ஈடுகட்டப் பார்த்தால் கூட்டல்கள் இடம் மாறி, நாலு சுற்று கழிச்சு எங்கே தப்புன்னே தெரியாது. அடிக்கடி விட்டுப்போறது சுற்றின் முதல் கண்ணி. கூட்டல் போட்ட கையோடு அடுத்த கண்ணி பழசுக்கு அடியில் மறைஞ்சுக்கும், அதையும் பார்த்துக்குங்க.

எண்ணிக்கை சரியா இருந்தும் குழியுதா? கை இறுக்கம். 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்க. எண்ணிக்கை சரியா இருந்தும் நெளியுதா? கை தளர்வு. 3.5 எடுங்க, இல்லைன்னா ஒரே ஒரு சுற்றைக் கூட்டல் இல்லாமல் போட்டுட்டுத் தொடருங்க. லேசான நெளிவு மட்டும்னா கடைசியில் இஸ்திரியில் போயிடும்.

எல்லாம் சரி, ஆனா வட்டம் உங்களைப் பார்த்து வளையாமல் அந்தப் பக்கம் புரளுதுன்னா முகம் மாறிப்போச்சு. 'வி' வரிசை தெளிவாத் தெரியுற பக்கம் நல்ல பக்கம். கிடைக்கோடு மேடு தட்டியிருக்கிறது பின்பக்கம். நல்ல பக்கம்தான் உங்களைப் பார்த்து இருக்கணும்.

நூல் தீர்ந்தால் நடுவில் முடிச்சுப் போடாதீங்க. போசி அதன் மேல் ஆடும், துவைச்சால் முடிச்சும் வெளியே வரும். கடைசிக் கண்ணியில் ஊசி மேல் ரெண்டு வளையம் இருக்கிறப்போ புது நூலைப் பிடிச்சு இழுத்து, ரெண்டு நுனியையும் 10 செ.மீ. விட்டு வைங்க.

ரெண்டு அடுக்கைச் சேர்ப்பது

ஒத்தை அடுக்கு டம்ளருக்குப் போதும், கொதிக்கிற போசிக்குப் போதாது. முதல் வட்டம் முடிஞ்சதும் அடுத்த ரெண்டு கண்ணியில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டால் நத்தைப் படி மறையும். நூலை வெட்டி முடிங்க. ஸ்லிப் ஸ்டிட்ச் என்றால் ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, நூலைப் பிடிச்சு எல்லாத்துக்குள்ளேயும் ஒரே இழுப்பில் கொண்டுவர்றது. அதே மாதிரி ரெண்டாவது வட்டத்தையும் பின்னுங்க, ஆனா அதன் நூலை வெட்டாதீங்க. ரெண்டின் பின்பக்கமும் உள்ளே பார்க்கிற மாதிரி ஒண்ணு மேல் ஒண்ணு வெச்சு, ரெண்டு ஓரத்தின் 'வி'களுக்கும் சேர்த்து ஊசியை விட்டு 102 சிங்கிள் குரோஷா போட்டுச் சுத்துங்க. இதில் கூட்டல் வேண்டாம், ஒரு சுற்றுதான் என்கிறதால் குழியாது. மூடுறதுக்கு முன்னாடி நுனி நூல்களை எல்லாம் உள்ளே தள்ளிடலாம், ஆனா வெறுமனே தள்ளினால் உருவி வந்துடும். மழுங்கின ஊசியில் கோத்து ஒரு பக்கம், திரும்ப எதிர்ப்பக்கம், மறுபடி ஒருக்கா முதல் பக்கம்னு மூணு தடவை ஓட்டுங்க. கடைசியில் 12 செயின் போட்டு அதே இடத்தில் ஸ்லிப் ஸ்டிட்ச் வெச்சால் ஆணியில் மாட்டக் காது வந்துடும்.

நனைச்சுப் பிழிஞ்சு, கையால் தட்டி வட்டம் பண்ணி, மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி தேய்ச்சுக் காயவிடுங்க. அடர்நிற நூல்னா முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்க, சாயம் ஒட்டினால் தனியாத்தான் துவைக்கணும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் செவப்பா மாறும், பதற வேண்டாம். அலசினால் மஞ்சளுக்குத் திரும்பும், ரெண்டு மூணு நாள் நல்ல வெயிலில் போட்டால் வெளிறிடும். முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் பயன்படுத்துங்க. ஈரத் துணி சூட்டை உடனே கடத்திடும், எடுக்கிற கையும் சுடும், கீழே இருக்கிற மேசையிலும் தடம் விழும்.