சிறு குழந்தையோடு சென்னையில் சாப்பிட இடம் தேடும்போது

குழந்தை பசித்து அழத் தொடங்கிய பிறகு உணவகம் தேடாமல், அதற்கு வழக்கமாகப் பசிக்கும் நேரத்திற்கு அரை மணி முன்பே ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியுள்ள சிற்றுண்டிச் சாலைகளுக்குக் காலை ஏழரை மணிக்குள் சென்றால், கூட்டம் பெருகுவதற்கு முன்பே, அப்போதுதான் இறக்கிய ஈட்டிலிருந்து ஆவி பறக்கும் இட்லியைக் கேட்டு வாங்கலாம். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் பெரியவர்கள் இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவது தனிச் சுகம். ஆனால் குழந்தையின் இட்லியைச் சாம்பார் ஊற்றாமல் தனித் தட்டில் கேளுங்கள்.

வெண்பொங்கல் குழந்தைக்கு மிகவும் ஏற்றது என்பேன். எனினும் முழு மிளகு நாக்கை எரிக்கும், முழு முந்திரி தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு கவளத்தையும் விரலால் மசித்துப் பார்த்த பிறகே ஊட்டுங்கள். மதியச் சாப்பாட்டில் பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழையப் பிசைந்த சோறு போதும். தயிர்சாதத்தில் பச்சை மிளகாய்த் துண்டு மறைந்திருக்கும், கவனியுங்கள்.

கொதித்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். மெரினாவில் சுண்டல் வாங்கினால், பட்டாணியைத் தோல் நீக்கி நசுக்கிக் கொடுங்கள்.