டெபியனில் பழைய ரஸ்ட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவது எப்படி?

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் யாரோ எழுதிய நிரல் ஒன்றை உங்கள் டெபியன் லினக்ஸ் கணினியில் இறக்கி, அதைத் தொகுக்க ரஸ்ட்டின் கருவியான கார்கோவிடம் ஆசையாக ‘கார்கோ பில்ட்’ என்று தட்டுகிறீர்கள். லாக் கோப்பின் (நிரலுக்கு வேண்டிய துணைநிரல்களின் பட்டியல்) பதிப்பு 4 எனக்குப் புரியவில்லை, கார்கோவைப் புதுப்பிக்க வேண்டுமோ என்று பிழைச்செய்தி வருகிறது. நிரலில் கோளாறு இல்லை, அதைத் தொகுக்கும் கம்பைலரும் கார்கோவும்தான் பழசு.

டெபியன் 12 தருவது ரஸ்ட் 1.63. அது 2022 ஆகஸ்டில் வந்தது. ரஸ்ட்டுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்துவிடும். அந்த லாக் கோப்பைப் படிக்கவே 1.78 வேண்டும், ரஸ்ட் மொழியின் 2024 எடிஷன் என்ற புதிய வடிவில் எழுதிய நிரல் என்றால் 1.85. டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டில் ‘ஆப்ட் அப்கிரேட்’ எத்தனை முறை ஓட்டினாலும் இது மாறாது. டெபியனின் நிலையான வெளியீடான ‘ஸ்டேபிள்’ வெளியானதும் பதிப்புகளை உறைய வைத்துவிடும், அது அவர்கள் தெரிந்தே செய்வது. சர்வருக்கு அது வரம், நமக்குத்தான் தொல்லை. அதனால் ரஸ்ட்டை மட்டும் ‘ரஸ்டப்’ என்ற கருவியிடம் ஒப்படைப்போம்.

(கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில் பழையதை நீக்க வேண்டும். ‘சூடோ ஆப்ட் ரிமூவ் ரஸ்ட்சி கார்கோ’. ஒய் அழுத்தும் முன் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். பழையதை விட்டுவைத்தால் ரஸ்டப்பே எச்சரித்து, தொடரலாமா என்று கேட்கும். இரண்டும் கூடவே இருந்தால் எது ஓடுகிறது என்ற குழப்பம் தீராது.

அடுத்து, ரஸ்டப்.ஆர்எஸ் தளத்தில் இருக்கும் ஒற்றை வரிக் கட்டளையை நகலெடுத்து ஓட்டுங்கள். முன்னால் சூடோ போடாதீர்கள்! எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்தான் போகிறது, ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையே இல்லை. மூன்று தேர்வுகள் காட்டும். என்டர் தட்டினால் போதும்.

இனிதான் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். நிறுவி முடித்த கையோடு அதே டெர்மினலில் ‘கார்கோ --வெர்ஷன்’ அடித்தால், /யூஎஸ்ஆர்/பின்/கார்கோ என்ற கோப்பே இல்லை என்று சொல்லக்கூடும். முதல்முறை இதைப் பார்த்தபோது எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து, ரஸ்டப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். தேவையே இல்லாத வேலை. கார்கோ முன்பு எங்கே இருந்தது என்பதை, டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல் நினைவில் வைத்திருக்கிறது. பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். டெர்மினலை மூடிப் புதிதாகத் திறங்கள். அப்புறம் ‘விச் கார்கோ’ என்று கேட்டால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் .கார்கோ/பின் என்ற இடத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் சரி.

டெபியன் 13, உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களுக்கு ‘ஆப்ட் இன்ஸ்டால் ரஸ்டப்’ என்ற குறுக்கு வழியும் உண்டு. அதன்பின் ‘ரஸ்டப் டிஃபால்ட் ஸ்டேபிள்’ கொடுத்தால்தான் கம்பைலர் இறங்கும். இந்த வழியில் கார்கோ /யூஎஸ்ஆர்/பின்னிலேயே இருக்கும். ஆகவே இடத்தைப் பார்க்காமல் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

பில்ட் செய்யும்போது ‘லிங்கர் சிசி’ கிடைக்கவில்லை என்று வந்தால் பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜை ஆப்ட் வழியே போடுங்கள். ரஸ்ட் தன் கடைசிக் கட்ட வேலைக்குக் கணினியில் இருக்கும் சி கருவிகளைத்தான் நம்பியிருக்கிறது.

இனிமேல் புதுப்பிக்க ‘ரஸ்டப் அப்டேட்’ மட்டும் போதும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனது என்று கடைசியில் காட்டும். அதற்கடுத்த பில்ட் வழக்கத்தைவிட நேரம் எடுக்கும், கம்பைலர் மாறியதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொகுக்கிறது. பழைய மிச்சங்கள் டார்கெட் ஃபோல்டரில் கிடந்து டிஸ்க்கை அடைக்கும். ‘கார்கோ கிளீன்’ அவற்றைத் துடைத்துவிடும்.

புதுப் பதிப்பில் உங்கள் பழைய புராஜெக்ட் ஏதாவது முரண்டு பிடித்தால் மொத்தத்தையும் பின்னுக்கு இழுக்காதீர்கள். ‘ரஸ்டப் டூல்செயின் இன்ஸ்டால் 1.84.1’ என்று வேண்டிய எண்ணைப் போட்டுப் பக்கத்திலேயே நிறுவலாம். பிறகு அந்த புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘ரஸ்டப் ஓவர்ரைடு செட் 1.84.1’ கொடுங்கள். அந்த ஃபோல்டருக்குள் மட்டும் பழையது ஓடும், வெளியே வந்தால் புதியது.