தம்பிக்கு இல்லம் தேடியபோது

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் எங்கள் வீடு. தம்பிக்கு 34 வயது, அறிவுசார் குறைபாடு. அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகுதான் அவனைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் தேட ஆரம்பித்தோம். நீங்கள் அவ்வளவு தாமதிக்காதீர்கள்.

முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID). அப்புறம் காப்பாளர் சான்று. 18 வயது தாண்டிவிட்டால் பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகமாட்டார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தின் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். இராமநாதபுரத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதை விசாரியுங்கள். பதிவு பெற்ற இல்லங்கள் எவை என்றும் கேளுங்கள்.

இல்லத்தின் பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் தீயில் மாண்டார்கள். 28 உயிர், நம் கடற்கரையில். அதனால் எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது படுக்கையறைக் கதவை: வெளியே தாழ்ப்பாள் இருக்கிறதா? இரவில் யார் விழித்திருப்பார்கள்?

ஓர் இல்லத்துக்குச் சொல்லாமல் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனேன். கூடம் பளபளவென்று இருந்தது. ஆனால் ஒரு பெரியவரின் கால் நகங்கள் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தன. திரும்பிவிட்டேன்.

சேர்க்கும்போது ஒரு நோட்டில் எல்லாம் எழுதிக் கொடுங்கள். மாத்திரை நேரம் மட்டும் போதாது. மீனை முள் எடுத்துக் கொடுத்தால்தான் தம்பி சாப்பிடுவான். வலித்தால் சொல்லமாட்டான், வலது காதைப் பிடித்துக்கொள்வான். அவனுடைய ஓலைப்பாயையும் கூடவே அனுப்பினோம். முதல் மாதம் வாரம் இரண்டு நாள் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.