ஸ்பானியரிடம் "பிடிக்கும்" என்று சொல்லுமுன்

உப்புவெளிக் கடற்கரையில் ஸ்பெயின்காரரோடு பேசிப் பழகும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு குறிப்பு. "மே குஸ்தா" என்றால் "எனக்குப் பிடிக்கும்". 'மே' என்பது நம் 'எனக்கு' மாதிரியேதான். நண்டுக் கறிக்கு அது சரி. ஆளைப் பார்த்து "மே குஸ்தாஸ்" என்றால் காதல் வாடை அடிக்கும்! பழக நல்ல மனுசர் என்று சொல்ல "மே காயெஸ் பியென்" போதும். உண்மையிலேயே ஈர்ப்பென்றால் "மே அத்ராயெஸ்". கொஞ்சம் கனமான சொல், யோசித்துச் சொல்லுங்கள். அப்புறம், வயிறு நிறைந்த பிறகும் தயிர்ச் சட்டியும் இனிப்புப் பாணியும் வந்து ஆசை காட்டினால் "மே தியென்தா". சபலத்துக்கு அதுதான் சொல். வெயிலில் வேர்த்தால் மட்டும் "எஸ்தோய் கலியென்தே" வேண்டாம், அது காமத்தைக் குறிக்கும். "தெங்கோ கலோர்" என்றே சொல்லுங்கள்.